திமிலில் விழுந்த விமானங்கள்

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயரை எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். போன டிசம்பரில் அந்த வழியாக ஏறினேன். பாதி மலை வரை கீழே கம்பம் பள்ளத்தாக்கு பளிச்சென்று தெரிந்தது: திராட்சைப் பந்தல், தென்னந்தோப்பு, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நெல் வயல். அடுத்த வளைவில் மஞ்சு இறங்கிவிட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வண்டியின் மூக்கைத் தவிர எதுவுமே தெரியவில்லை. ஓட்டுநர் இறங்கிப் போய்ச் சாலையோரத்தைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "பத்து நிமிஷம் பொறுங்க சார், தானா விலகிரும்" என்றார்.

வண்டியை நிறுத்திவிட்டுப் பொறுக்கலாம். மேலே பறந்துகொண்டிருப்பவருக்கு அந்த வசதி கிடையாது.

இந்தச் சின்னமனூரை ஒட்டிய மலைப் பகுதியில்தான் 1971 டிசம்பர் 9 அன்று இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ விமானம் மோதியது. கேரளத்திலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்த விமானம். உள்ளே இருந்த 31 பேரில் 21 பேர் இறந்தார்கள். பாகிஸ்தானுடன் போர் தொடங்கி ஏழாம் நாள் அது. அன்று இரவே அரபிக் கடலில் ஐ.என்.எஸ். குக்ரி கப்பல் நீர்மூழ்கித் தாக்குதலில் மூழ்கி, 194 பேர் போனார்கள். நாடு முழுக்கப் போர்ப் பேச்சு. ஆனால் ஆவ்ரோ பயணிகள் விமானம். எதிரி இருந்ததோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். மதுரையில் இறங்குவதற்காக உயரத்தைக் குறைத்துக்கொண்டு வந்த விமானம், மூட்டத்துக்குள் இருந்த மலையில் போய் முட்டிக்கொண்டது.

போர்க்கால விமான விபத்து என்றதும் பீரங்கி, குண்டு, தீப்பிடித்த இறக்கை என்றுதான் மனம் போகும். கணக்கைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எதிரி விமானம் அநேகமாக வராத அமெரிக்கப் பெருநிலத்திலேயே, பயிற்சியிலும் போக்குவரத்திலும் அந்நாட்டு ராணுவ விமான விபத்துகளில் இறந்தவர்கள் சுமார் 15,000 பேர். மலை, மேகம், அவசரம், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து எடுத்துக்கொண்ட உயிர்கள். இதில் மலை எப்படி வேலை செய்கிறது என்பதை நம் ஊரை வைத்தே புரிந்துகொள்ளலாம். அப்புறம் அசாமுக்குப் போவோம். இந்தக் கதையின் பெரிய பாகம் அங்கேதான் இருக்கிறது.

மேகமலை உச்சியில் தண்ணீரைக் குடித்து முடித்து, பாட்டிலை நன்றாகத் திருகி மூடிப் பைக்குள் வைத்திருந்தேன். சின்னமனூர் வந்து எடுத்தபோது அது இடுப்பு ஒடுங்கிச் சப்பையாகிக் கிடந்தது. கொடைக்கானல் போய் வந்தவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். மேலே காற்றழுத்தம் குறைவு, கீழே அதிகம். மலைக்காற்றை அடைத்து வைத்த பாட்டிலைக் கீழ்க்காற்று பிடித்து நசுக்குகிறது. விமானத்தின் உயரமானி கிட்டத்தட்ட இதே பாட்டில்தான். காற்றை நீக்கி மூடிய மெல்லிய உலோகக் கிண்ணம் ஒன்று உள்ளே இருக்கும். ஏற ஏற அது உப்பும், இறங்க இறங்க ஒடுங்கும். அந்த அசைவை முள்ளுக்குக் கடத்தி, முகப்பில் அடிக் கணக்கு எழுதிவிடுகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கருவிக்கு அழுத்தம்தான் தெரியும், உயரம் தெரியாது. புறப்படும் இடத்து அழுத்தத்தை வைத்துத் திருகிவிட்டுப் போகிறீர்கள். வழியில் புயல் சின்னம் இருந்து அழுத்தம் 10 மில்லிபார் குறைந்திருந்தால், முள் காட்டுவதைவிட நீங்கள் சுமார் 300 அடி கீழே பறந்துகொண்டிருப்பீர்கள். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரமே 170 அடிதான். அதன்மேல் இன்னொரு முக்கால் கோபுரத்தை அடுக்கினால் வருகிற உயரம் உங்கள் கணக்கிலிருந்து காணாமல் போயிருக்கிறது. இன்னொன்றும் உண்டு: அந்த முள் சொல்வது கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு என்று. காலுக்குக் கீழே தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அது சொல்லாது. அதற்கு வரைபடம் வேண்டும். வரைபடத்தில் நாம் எங்கே இருக்கிறோம் என்பதும் தெரிய வேண்டும்.

மதுரை ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 450 அடி. வழக்கமான சரிவில் 1,000 அடி இறங்க ஐந்தரை கிலோமீட்டர் வேண்டும். 12,000 அடியில் வரும் விமானம் மதுரைக்கு 65 கிலோமீட்டர் இருக்கும்போது இறங்கத் தொடங்கினால் சரியாக வந்து சேரும். சின்னமனூர் மதுரையிலிருந்து வான்வழியில் 80 கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. அதாவது மேற்கிலிருந்து வருபவர் இறங்கத் தொடங்குகிற இடமும் மலை முடிகிற இடமும் கிட்டத்தட்ட ஒன்று. ஐந்து நிமிடம் முந்திவிட்டால் ஆவ்ரோ வேகத்துக்கு 30 கிலோமீட்டர் பிசகும்.

நிலத்தின் அமைப்பும் ஆளை ஏமாற்றக் கூடியது. கேரளத்திலிருந்து வருபவர் முதலில் ஏலமலையைத் தாண்டுவார். அப்புறம் கீழே பச்சைப் பசேலென்று கம்பம் பள்ளத்தாக்கு. மேக இடைவெளியில் வயலைப் பார்த்தால் மலை முடிந்து சமவெளி வந்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் அதற்கும் கிழக்கே மேகமலை, வருசநாடு, ஆண்டிபட்டி மலை என்று இன்னொரு சுவர் நிற்கிறது. மேகமலைப் பக்கம் உயரம் 5,000 அடியைத் தொடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மேகம் வந்து சாய்ந்துகொள்வது இந்தச் சரிவுகளில்தான். எந்தக் கோளாறும் இல்லாத விமானத்தை விழிப்போடு இருக்கும் விமானியே ஓட்டிக்கொண்டு போய்த் தரையில் மோதுவதற்கு இந்தத் துறையில் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்: கட்டுப்பாட்டில் இருக்கும்போதே நிலத்தில் மோதுதல். அமைதிக் காலத்திலும் இது நடக்கும். போரில் கூடுதலாக நடக்கும்.

ஏன் கூடுதல் என்பதற்குத்தான் அசாம்.

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்களில் பர்மாவுக்கு விளக்கம் தேவையில்லை. செட்டிநாட்டு வீடுகளின் தூண் பர்மாத் தேக்கு. வட்டிக் கடை, நெல் அரைவை, துறைமுகக் கூலி என்று ஊருக்கு நாலு பேராவது போயிருப்பார்கள். 1942இல் ஜப்பான் படை உள்ளே நுழைந்ததும் அங்கிருந்த இந்தியர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல் தாய்நாட்டை நோக்கிக் கிளம்பினார்கள். கப்பல் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் நடந்தார்கள். ஒரு கூட்டம் தாமு, பலேல் வழியாக இம்பாலுக்கு. இன்னொரு கூட்டம் வடக்கே ஹுகாங் பள்ளத்தாக்கைக் கடந்து பாங்சாவ் கணவாய் ஏறி அசாமின் லேடோவுக்கு. மழை பிடித்துக்கொண்டது. சேறு, காலரா, மலேரியா, பட்டினி. பல்லாயிரம் பேர் வழியிலேயே விழுந்தார்கள். அவர்களுடைய கணக்கை யாரும் பேர்வாரியாக எழுதி வைக்கவில்லை.

அதே மாதங்களில் அதே மலைகளின் மேலே விமானங்கள் பறக்கத் தொடங்கின. 1942 ஏப்ரல் கடைசியில் பர்மாவின் லாஷியோ நகரம் ஜப்பானியர் கையில் விழுந்ததும் சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்த பர்மா சாலை அறுந்தது. சீனப் படைக்கும், அங்கிருந்த அமெரிக்க விமானங்களுக்கும் பெட்ரோல், குண்டு, மருந்து எல்லாம் இனி ஆகாய வழியில்தான் போயாக வேண்டும். அசாமின் சாபுவா, தின்ஜன், ஜோர்ஹாட் முதலிய தளங்களிலிருந்து சீனாவின் குன்மிங் நகரம் வரை சுமார் 800 கிலோமீட்டர். சாபுவா சமவெளியில் இருக்கிறது. குன்மிங் கொடைக்கானலைவிடக் கொஞ்சம்தான் தாழ்வு. நடுவே பட்காய் மலை, ஐராவதி, சால்வீன், மேகாங் நதிகளின் பள்ளத்தாக்குகள், அவற்றைப் பிரிக்கும் 15,000 அடி முகடுகள். இரண்டு கொடைக்கானலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் எட்டாத உயரம்.

விமானிகள் அதற்கு வைத்த பெயர் 'ஹம்ப்'. நம் மொழியில் திமில். அலங்காநல்லூரில் திமிலைப் பிடித்துத் தொங்குகிறவனைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காளை எந்தப் பக்கம் துள்ளும் என்று பிடித்திருப்பவனுக்கே தெரியாது.

இங்கே துள்ளியது காற்று. மேற்கிலிருந்து மணிக்கு நூறு மைலுக்கும் மேல் வீசும் காற்று முகட்டில் மோதி மேலே ஏறும், மறுபக்கம் அருவி போல விழும். அதன் வழியில் அகப்பட்ட விமானம், எஞ்சினை முழுக்கத் திறந்துவிட்டாலும் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அடி கீழே இழுபடும். பக்கவாட்டுக் காற்று இன்னொரு வகை எமன். அந்தக் காலத்தில் வழி கண்டுபிடிப்பது பெரும்பாலும் கணக்குப் போட்டுத்தான்: இந்தத் திசையில், இந்த வேகத்தில், இத்தனை நிமிடம் பறந்தோம், ஆகவே இங்கே இருக்கிறோம். காற்று தள்ளியது கணக்கில் சேராவிட்டால் பள்ளத்தாக்கு என்று நினைத்து இறங்குகிற இடத்தில் முகடு இருக்கும். வானொலிக் கற்றையைப் பிடித்துத் திசை காட்டும் முள்ளும் உண்டுதான். ஆனால் பக்கத்தில் இடிமேகம் மின்னினால் அது நிலையத்தை விட்டுவிட்டு மின்னலைக் காட்டும். போதாக்குறைக்கு இறக்கையில் பனி படியும். பனி படிந்தால் எடை கூடுவது சின்ன விஷயம். இறக்கையின் வடிவம் கெட்டுத் தூக்கும் சக்தியே போய்விடும். வரைபடத்தில் பல மலைகளின் உயரம் தப்பாக இருந்தது.

விமானங்களும் இந்த வேலைக்காகச் செய்தவை அல்ல. டகோட்டா என்று நாம் அறிந்த சி-47 நம்பகமானது, ஆனால் பாரத்தோடு அந்த உயரத்துக்கு ஏறத் திணறும். அடுத்து வந்த சி-46 அதிகம் சுமக்கும். முழுதாகச் சோதித்துத் தீருமுன்பே களத்துக்கு அனுப்பியதால் எஞ்சின் தொல்லை தீரவில்லை. பி-24 குண்டுவீச்சு விமானத்தைச் சரக்கு விமானமாக மாற்றிய சி-87க்கு இறக்கையில் பனி படிந்தால் ஆகவே ஆகாது.

இத்தனைக்கும் மேலே அவசரம். மாதா மாதம் இத்தனை டன் போய்ச் சேர வேண்டும் என்று மேலிடத்து நெருக்கடி. 1943 கடைசியில் பொறுப்புக்கு வந்த அமெரிக்க அதிகாரி தாமஸ் ஹார்டின், இனிமேல் திமிலில் வானிலை என்ற ஒன்றே கிடையாது என்று உத்தரவு போட்டார். அதாவது மேகத்தைக் காரணம் காட்டி யாரும் தரையில் நிற்கக் கூடாது. இரவிலும் பறக்க வைத்தார். சரக்கு கூடியது, சாவும் கூடியது. விமானிகளுக்கு 650 மணி நேரம் பறந்தால் ஊருக்குப் போகலாம் என்று ஒரு விதி வேறு. வீட்டுக்குப் போகிற ஆசையில் பலர் ஓய்வில்லாமல் பறந்து மணிக்கணக்கைத் தேற்றினார்கள். தூக்கம் கெட்ட கண்ணோடு 16,000 அடியில் இருட்டில் உட்கார்ந்திருப்பவரிடம் என்ன எதிர்பார்க்க முடியும்? 1944 செப்டம்பரில் வில்லியம் டன்னர் வந்து அந்த மணிக்கணக்கைக் கூட்டினார், குறைந்தபட்சம் இத்தனை மாதம் இருந்தாக வேண்டும் என்றும் வைத்தார். ஓடி முடிக்கிற ஆசை அடிபட்டது. பழுது பார்ப்பதை ஒரே வரிசையில் ஒழுங்காகச் செய்ய வைத்தார். அதற்குப் பிறகு பன்மடங்கு சரக்கு போயும், மணிக்கணக்குக்கு விபத்து விகிதம் பெரிதும் இறங்கியது. மலை அதே மலை, காற்றும் அதே காற்று. எத்தனை சாவு மலையால், எத்தனை உத்தரவால் என்பதை இந்த இரண்டு பேரின் காலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே விளங்கிவிடும். எனக்கு ஹார்டின்மேல் கோபம்தான் வருகிறது. ஆனால் அவருக்கும் மேலே டன் கணக்குக் கேட்டவர்கள் இருந்தார்கள்.

1945 நவம்பரில் எல்லாம் முடிந்தபோது சுமார் 6,50,000 டன் சரக்கு போய்ச் சேர்ந்திருந்தது. சுமார் 600 விமானங்கள் விழுந்தோ தொலைந்தோ போயிருந்தன. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 1,600க்கு மேல்.

அந்தக் 'காணாமல் போனவர்கள்' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

மதுரைப் பக்கம் பெரியவர்களிடம் போர்க் காலத்தில் விமானம் விழுந்தது பற்றிப் பேச்செடுத்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் நேதாஜியிடம் வந்து நிற்கும். 1945 ஆகஸ்ட் 18 அன்று தைவானின் தைஹோகு விமான தளத்தில், கிளம்பிய உடனே அவருடைய விமானம் விழுந்தது என்பது அறிவிக்கப்பட்ட செய்தி. நேதாஜி உயிரோடு இருக்கிறார் என்று பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மேடை மேடையாகச் சொன்னார். நம்பியவர்கள் ஏராளம், மலேயாவிலும் பர்மாவிலும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர்களின் ஊர்கள் இவை. 1956இல் ஷா நவாஸ் குழு, 1970இல் கோஸ்லா ஆணையம், 1999இல் முகர்ஜி ஆணையம் என்று மூன்று முறை விசாரித்தார்கள். முதல் இரண்டும் விபத்தில் இறந்தார் என்றன, மூன்றாவது இல்லை என்றது. விமான தளத்திலேயே, ஆட்கள் பார்த்திருக்க நடந்த விபத்துக்கே இந்தக் கதி. அப்படியிருக்க, ஆளரவமில்லாத மலைமேல் விழுந்த விமானத்துக்குச் சொந்தக்காரர்கள் என்ன செய்வார்கள்? உடலைக் காணாதவர்களுக்குக் கருமாதி வைக்க மனசு வராது. தந்தியில் 'காணவில்லை' என்றுதானே இருக்கிறது, 'இறந்தார்' என்று இல்லையே என்று நாட்களை ஓட்டுவார்கள்.

விமானம் ஏன் கிடைக்கவில்லை? முதலில், எங்கே தேடுவது என்றே தெரியாது. வானிலைக்குப் பயந்து வழி மாறியிருக்கும். கடைசியாக வானொலியில் பேசிய இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் நூறு மைல் இருக்கலாம். விழுந்ததும் தானே சைகை அனுப்பும் கருவி அன்று விமானங்களில் கிடையாது. தேடுவதும் இன்னொரு விமானத்தில் உட்கார்ந்து மேலிருந்து பார்ப்பதுதான். 1943இல் சாபுவாவில் பிளாக்கி போர்ட்டர் என்பவர் தலைமையில் ஒரு தேடல் பிரிவு தொடங்கினார்கள், தைரியமான கூட்டம். அந்த ஆண்டு டிசம்பரிலேயே போர்ட்டர் தேடப் போன இடத்தில் ஜப்பானியர்களால் சுட்டு வீழ்த்தப்பட்டார். அடர்காட்டில் விமானம் விழுந்தால் மரக்கிளையில் ஒரு ஓட்டை விழும். ஒரு மழைக்காலம் போதும், மூடிக்கொள்ளும். செங்குத்துச் சரிவில் வேகமாக மோதியது என்றால் முழு விமானமே கை அகலத் துண்டுகளாகிப் புதருக்குள் சிதறிவிடும். மேலிருந்து பார்க்க அங்கே ஒன்றுமே இருக்காது.

ஆனால் 'யாருக்கும் தெரியாமல்' என்று எழுதுகிறபோது ஒரு தப்பு நடக்கிறது. மலைக்காரர்களுக்குத் தெரியும்.

1943 ஆகஸ்ட் 2 அன்று சாபுவாவிலிருந்து கிளம்பிய ஒரு சி-46இல் எஞ்சின் பழுதாகி, நாகா மலைமேல் எல்லோரும் குதித்தார்கள். எரிக் செவரைட் என்ற அமெரிக்க வானொலிச் செய்தியாளரும் அதில் இருந்தார். 21 பேரில் துணை விமானியைத் தவிர மற்றவர்கள் பிழைத்தார்கள். அவர்களை முதலில் கண்டது தேடல் விமானம் என்றாலும், தரையில் அவர்களிடம் முதலில் வந்து சேர்ந்தவர்கள் பக்கத்து நாகா கிராமத்தார். தலை வேட்டைக்குப் பேர்போன ஊர்க்காரர்கள். விருந்தாளிகளாக வைத்துச் சோறு போட்டார்கள். டான் ஃப்ளிக்கிங்கர் என்ற ராணுவ மருத்துவர் இரண்டு உதவியாளர்களோடு மேலிருந்து குதித்து வந்து காயக்காரர்களைப் பார்த்தார். பிறகு மொக்கொக்சுங்கிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் நாகா ஆட்களோடு வந்து அவர்களை நடத்திக் கூட்டிப் போனார். காட்டில் நடக்கத் தெரிந்தவர்கள் கையில் கிடைத்ததால் அவர்கள் பிழைத்தார்கள்.

உயிரோடு யாரும் இல்லாத இடங்களிலும் இதேதான். அருணாச்சலத்து வேட்டைக்காரர்கள் எத்தனையோ சிதைவுகளைப் பல பத்தாண்டுகளாக அறிந்திருந்தார்கள். அலுமினியத் தகட்டை வெட்டி எடுத்து வந்து சமையல் பாத்திரம் செய்தார்கள், கத்திக்குப் பிடி போட்டார்கள். யாரும் வந்து கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கேட்டவர் கிளேட்டன் கூல்ஸ், அரிசோனாக்காரர். அவர் தன் கைக்காசைப் போட்டு, ஊர் ஊராகப் போய், வேட்டைக்காரர்களையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு ஏறினார். 1944 ஜனவரி 25 அன்று குன்மிங்கிலிருந்து சாபுவாவுக்குத் திரும்பும்போது எட்டுப் பேரோடு மறைந்த 'ஹாட் ஆஸ் ஹெல்' என்ற பி-24ஐ 2006இல் தாம்ரோ பக்கத்து மலையில் கண்டுபிடித்தது அப்படித்தான். அறுபத்திரண்டு வருடம் தொலைந்திருந்தது என்று எழுதுவார்கள். யாருக்குத் தொலைந்திருந்தது என்பதுதான் கேள்வி.

கண்டுபிடித்தால் போதுமா? இது இன்ன விமானம் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு வால் துடுப்பில் எழுதிய எண் இருந்தால் நல்லது. அது பெரும்பாலும் எரிந்திருக்கும். அடுத்தது எஞ்சின் எண்ணும் உற்பத்தித் தகடும். நம் வீட்டு மோட்டார் பம்பில் ஆணி அடித்து ஒட்டியிருப்பார்களே, அந்த மாதிரி விரல் நீளத் தகடு. காணாமல் போன ஒவ்வொரு விமானத்துக்கும் அமெரிக்கப் படை அன்றே ஒரு அறிக்கை எழுதி வைத்தது. யார் யார் இருந்தார்கள், கடைசியாக எங்கே தெரிந்தது என்பதோடு எஞ்சின் எண்ணும் இயந்திரத் துப்பாக்கி எண்ணும்கூட அதில் இருக்கும். காட்டில் கிடைத்த தகட்டின் எண்ணும் காகிதத்தில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போனால் எட்டுக் குடும்பங்களுக்கு ஒரே நாளில் பதில் கிடைக்கும்.

அப்புறம் எலும்பு. அமெரிக்க அரசில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் காணாமல் போன அந்நாட்டவர் சுமார் 72,000 பேரின் கோப்பு இன்னும் திறந்தே இருக்கிறது. கீழடியில் பார்த்திருப்பீர்களே, அதே முறைதான்: கயிறு கட்டிக் கட்டம் போட்டு, மண்ணை அள்ளிச் சலித்து, பல், எலும்புத் துணுக்கு, பொத்தான் எல்லாவற்றையும் பிரித்தெடுப்பார்கள். கீழடியில் சமதளம். அந்த மலைகளிலோ ஆள் நிற்கவே கயிறு வேண்டிய சரிவு, வருடத்தில் சில வாரம்தான் வானம் விடும். எடுத்ததை ஹவாயில் இருக்கும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், தாய்வழி உறவினரின் மரபணுவோடு ஒப்பிடுவார்கள். அந்த பி-24இல் இருந்த எட்டுப் பேரில் ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்ட் அப்படி அடையாளம் தெரிந்து, 2017இல் ஜார்ஜியா மாநிலத்துச் சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

எந்த மலை என்பதைப் பொறுத்துக் கிடைப்பதும் மாறும். காடு தின்றுவிடும், பனி பத்திரமாக வைத்திருக்கும். 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லே போன நம் விமானப் படையின் ஏ.என்-12, வானிலை சரியில்லாமல் திரும்பும்போது ரோதாங் பக்கம் 102 பேரோடு மறைந்தது. அது போர் நேரம் இல்லை. ஆனாலும் கதை இதே கதை. 2003இல் மலையேறப் போனவர்கள் பனியாற்றில் முதல் உடலைக் கண்டார்கள். பனியாறு நகரும், விழுங்கியதை மெல்ல மெல்லக் கீழே கொண்டுவந்து தள்ளும். 2024 செப்டம்பரில், 56 வருடம் கழித்து, இன்னும் நான்கு பேர். அதில் ஒருவர் பத்தனம்திட்டா மாவட்டத்துப் பையன், போனபோது வயது 22. கம்பம் மெட்டு ஏறி இறங்கினால் ஒரு நாள் பயணத்தில் போய்விடக்கூடிய ஊர்.

நம் பக்கமும் அந்தப் போரின் தடம் இல்லாமல் இல்லை. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கியதும் தெற்கே மளமளவென்று ஓடுபாதைகள் முளைத்தன: செட்டிநாடு, கயத்தாறு, உளுந்தூர்பேட்டை, சோழவரம். இன்று பெருங்குடிப் பக்கம் நாம் போய் ஏறி இறங்கும் மதுரை விமான நிலையமே 1942இல் பிரிட்டிஷ் விமானப் படை பயன்படுத்திய தளம்தான். சோழவரத்தில் பின்னாளில் கார் பந்தயம் விட்டார்கள். செட்டிநாடு, கயத்தாறு ஓடுபாதைகள் வெயிலில் வெறுமனே கிடக்கின்றன. அமெரிக்கர்கள் இறந்தவர்களை ஊருக்குக் கொண்டுபோவார்கள். பிரிட்டிஷ் வழக்கம் அது இல்லை, விழுந்த நாட்டிலேயே அடக்கம். தென்னிந்தியாவில் ஆங்காங்கே புதைத்தவர்களைத் தோண்டி எடுத்துச் சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் சேர்த்தார்கள். 1952இல் அமைத்த இடம் அது. 856 பேர் இருக்கிறார்கள். உடலே கிடைக்காதவர்களுக்கு சிங்கப்பூர் கிராஞ்சியில் சுவரில் பெயர், 24,000க்கு மேல். பாங்சாவ் கணவாயில் விழுந்த நம் ஊர்க்காரர்களுக்குச் சுவரும் இல்லை.

மலைமேல் மாடு மேய்க்கிறவர்கள், தேன் எடுக்கப் போகிற பளியர்கள், மலையேறும் இளவட்டங்கள் கண்ணில் இந்த மாதிரி பழைய உலோகம் எப்போதாவது தட்டுப்படலாம். உருளையாக, மூடிய வடிவத்தில் ஏதாவது இருந்தால் பக்கத்தில் போக வேண்டாம். எண்பது வருடக் குண்டும் வெடிக்கும். சும்மா தகடு என்றால், எண் பொறித்த பக்கத்தைப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, கிடந்தபடியே விட்டுவிட்டு வந்து வனத்துறையிடமோ காவல் நிலையத்திலோ சொல்லலாம். காயலாங்கடைக்குத் தூக்கிப் போனால் கிலோ கணக்கில் காசு தருவார்கள். எண்ணுக்கென்று தனியாக ஒன்றும் தர மாட்டார்கள்.